விஜிலா டீச்சரின் வலது கை

தூத்துக்குடியில் கார் ஓட்டிப் போகிற பெண்களிடம், யாரிடம் ஓட்டப் பழகினீர்கள் என்று கேட்டால், பாதிப் பேராவது விஜிலா டீச்சர் பெயரைச் சொல்வார்கள். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் டீச்சராக இருந்ததில்லை. தீபம் டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் பழக்குகிறவள். பேங்க் அதிகாரிகள், கான்வென்ட் சிஸ்டர்மார், கல்யாணமாகி மஸ்கட்டுக்கு விசா வரக் காத்திருக்கும் பெண்கள் என்று எல்லோரும் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். "ரோட்டப் பாருங்கன்னா என் மூஞ்சியப் பாக்கிய. என் மூஞ்சியிலயா லாரி வருது?" என்பாள். திட்டு வாங்கியவர்கள்தான் பிறகு தங்கள் தங்கைமாரையும் மருமகள்மாரையும் அவளிடம் அனுப்பினார்கள்.

கார் பழக்குகிறவர் இடது பக்கம் உட்கார வேண்டும். அந்தப் பக்கமும் ஒரு கிளட்சும் பிரேக்கும் உண்டு. ஸ்டீயரிங் மட்டும் ஒன்றுதான். அது பழகுகிறவர் கையில். அதனால் பழக்குகிறவரின் வலது கை மடியில் சும்மா கிடக்க முடியாது. எப்போது வேண்டுமானாலும் பாய்ந்து ஸ்டீயரிங்கைப் பிடிக்கத் தயாராக, பாதி தூக்கியபடியே இருக்க வேண்டும். விஜிலாவின் பிழைப்பு அந்தக் கையில்தான் இருந்தது.

நாற்பத்தெட்டாவது வயதில் அவளுக்கு வலது மார்பில் கட்டி வந்தது. திருநெல்வேலியில் ஆபரேஷன் நடந்தது. மார்பை எடுத்தபோது அக்குளுக்குள் இருந்த நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுத்தார்கள். பிறகு கீமோ, அதன் பிறகு ஊரில் எல்லோரும் கரண்டு வைப்பது என்று சொல்கிற கதிர்வீச்சு. அவள் புருஷன் கிளைட்டன் சரக்குக் கப்பலில் போசன், மேல்தள ஆட்களுக்கு மேஸ்திரி மாதிரி. நீண்ட விடுப்பு எடுத்து வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தான். அவளுக்குத் தலைமுடி கொட்டியபோது தானும் மொட்டை போட்டுக்கொண்டான். விஜிலா அவனைப் பார்த்து, "உங்களுக்கு நல்லாவே இல்ல, தொப்பி வச்சுக்கிடுங்க" என்றாள். அந்தச் சிகிச்சைக் காலம் முழுவதும் அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை.

முடி திரும்ப முளைத்தது, இதுவரை இல்லாத சுருட்டையாக. கிளைட்டன் கப்பலுக்குப் போனான். விஜிலாவும் காருக்குத் திரும்பினாள். ஓர் ஆண்டு எந்தத் தொந்தரவும் இல்லை. அதன் பிறகுதான் கை வீங்க ஆரம்பித்தது.

முதலில் ரவிக்கையின் வலது கை மட்டும் இறுகி, கழற்றும்போது தையல் தடம் தோலில் பதிந்து கிடந்தது. பிறகு வளையல் ஏறவில்லை. சில மாதங்களில் முழங்கையின் மடிப்பே தெரியாமல், மணிக்கட்டிலிருந்து தோள் வரை ஒரே உருளையாகிவிட்டது. தண்ணீர் நிறைத்த பையைத் தோளில் தொங்கவிட்டதுபோல ஒரு கனம். விரலால் அமுக்கினால் குழி விழுந்து, நெடுநேரம் அப்படியே நின்றது. தையல்காரர் அவளுக்கு ஒரு ரவிக்கைக்கு இரண்டு கை அளவு எடுத்தார்.

ஆபரேஷன் செய்த டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்டவர் இல்லை. வெளியே அவருக்காகக் காத்திருந்த கூட்டம் பெரியது.

"பெரிய கண்டத்துலேருந்து தப்பிச்சு வந்திருக்கீங்கம்மா. கணுக்கள எடுத்தா சிலருக்கு இப்படி நீர் தேங்கும். இதோட வாழப் பழகிக்கணும்."

"நான் பழக்குதவ, டாக்டர்" என்றாள் விஜிலா. "பழகிக்கிடுதவ இல்ல."

அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஊரிலும் அதே பேச்சுதான். மாதாவின் பெரிய கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால், உயிர் தப்பியதே மாதா செய்த புதுமை, கை வீங்கினால் என்ன என்பார்கள். கிளைட்டனின் அக்கா இசபெல்லா ஒருநாள் ஒரு நீளமான சால்வையை வாங்கிக்கொண்டு வந்தாள்.

"ஏளா, இதப் போத்திக்க. வெளிய தெரியாது. சனங்க கண்ணுல படாம இருந்தா ஒனக்கும் நிம்மதி."

"என் கைய நான் எங்கன களவாண்டேன் மைனி, மூடி வைக்க?"

"கோவப்படாத. மாதா உயிரக் குடுத்திருக்கா. அதுக்கு நன்றி சொல்லிட்டு இருக்கணும்."

"நன்றி சொல்லிட்டுத்தான் இருக்கேன். கையையும் சேத்துக் கேக்கேன். ஒண்ணு குடுத்தா இன்னொண்ணு கேக்கப்பிடாதுன்னு மாதா சொன்னாளா?"

இசபெல்லா சால்வையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள். விஜிலா அதைக் கார் துடைக்க எடுத்துக்கொண்டாள்.

ஆனால் கோபத்தால் கை இலேசாகிவிடாது. ஒரு மாசி மாதக் காலையில், சாத்தான்குளத்துக்காரி ஜெபசுதா என்ற ஸ்கூல் வாத்திச்சி துறைமுகச் சாலையில் கார் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். எதிரே கண்டெய்னர் லாரி ஒன்று வந்தது. அவள் பயந்துபோய் ஸ்டீயரிங்கை இடது பக்கமாக ஒரேயடியாக ஒடித்துவிட்டாள். விஜிலாவின் கை எழுந்தது. ஆனால் எழ வேண்டிய வேகத்தில் எழவில்லை. விரல்கள் ஸ்டீயரிங்கை வளைத்துப் பிடிக்கவும் இல்லை. வீக்கத்தில் அவை பாதிதான் மடங்கின. பிரேக்கை மிதித்தாள். அதற்குள் கார் சாலையோரக் கல்லில் மோதி, முன்விளக்கு நொறுங்கியது.

யாருக்கும் அடி இல்லை. ஜெபசுதா அழுதாள். விஜிலா அவளைத் தேற்றி, தானே காரை ஓட்டிக்கொண்டு அலுவலகம் வந்து, நடந்ததை ஒளிக்காமல் முதலாளியிடம் சொன்னாள். முதலாளி ஞானதீபம் அண்ணாச்சி நாசரேத்துக்காரர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒன்னக் கொற சொல்லல, விஜிலா. ஆனா பிள்ளைங்க உயிரு இருக்கு. நீ இனி ஆபீஸ்ல இரி. போன எடு, வாரவுகளுக்கு நேரம் ஒதுக்கிக் குடு. வண்டியில பழக்க நம்ம ரெனிஷ் போகட்டும்."

அவளால் மறுத்துப் பேச முடியவில்லை. அவர் சொன்னது நியாயம் என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. உலகத்தோடு சண்டை போடலாம். தன் கை தாமதமாக எழுந்ததோடு எப்படிச் சண்டை போடுவது? அன்று வீட்டுக்கு வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு கைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். புற்றுநோய் என்று கேட்டபோது வராத அழுகை அப்போது வந்தது. அழுது முடித்து முகம் கழுவியவள், கப்பலில் இருந்த கிளைட்டனுக்குப் போன் போட்டாள்.

"விடு விஜிலா" என்றான் அவன். "நான்தான் சம்பாதிக்கேன்லா. நீ வீட்ல இரி."

"நீங்க கப்பல விட்டு எறங்கி வீட்ல இருப்பியளா?"

அவன் இன்ஜின் சத்தத்திலிருந்து தள்ளிப் போய் நின்றான். பிறகு, "சரி, என்ன செய்யப் போற?" என்றான்.

"தெரியல. ஆனா சும்மா இருக்க மாட்டேன்."

மறுவாரத்திலிருந்து ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினாள். கையை உருவிவிட்டார்கள், கட்டுப் போட்டார்கள், இறுக்கமான கையுறை ஒன்றைத் தோள் வரை மாட்டச் சொன்னார்கள். அது இருக்கும்வரை வீக்கம் கொஞ்சம் அடங்கும். கழற்றினால் பழையபடி ஆகும். கடைசியாக, ஊருக்குள்ளேயே இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் ஜெபிஷா என்ற பிசியோதெரபிஸ்டைப் பார்த்தாள். சின்ன வயதுப் பெண். அவள்தான் முதன்முதலாகக் கையை விட்டுவிட்டு அக்குளைத் தொட்டுப் பார்த்தாள்.

"இங்கன தழும்பு கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு அக்கா. ஆபரேஷனும் கரண்டும் சேந்து செஞ்ச வேல. மேல போற வழி அடைஞ்சதால நீரு கீழ தேங்குது."

"அத இளக்க முடியாதா?"

ஜெபிஷா மூலையில் இருந்த ஒரு பெட்டியைப் பார்த்தாள். முழங்கால் வலிக்கும் தோள்பட்டை வலிக்கும் வைக்கிற லேசர் மிஷின் அது. தோலைச் சுடாத, வெட்டாத, சக்தி குறைந்த ஒளி. இப்படிக் கை வீங்கியவர்களுக்கும் வெளிநாடுகளில் அதை வைத்துப் பார்த்திருக்கிறார்கள், சிலருக்கு வீக்கம் குறைந்திருக்கிறது, தழும்பு இளகியிருக்கிறது என்று சொன்னாள்.

"சிலருக்குத்தான். எல்லாருக்கும் இல்ல. முழுசா சரியாகும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். இங்கன இதுவரைக்கும் யாருக்கும் வச்சதும் இல்ல. இன்னொண்ணு, ஒடம்புல கேன்சர் மிச்சம் இருந்தா அந்த எடத்துல ஒளி வைக்கப்பிடாது. ஒங்க கேன்சர் டாக்டர் சரின்னு சொன்னாத்தான் தொடுவேன்."

விஜிலா அடுத்த பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போனாள். ஆபரேஷன் செய்த அதே டாக்டரின் அறைக்குள் நுழைய மாலையாகிவிட்டது. விஷயத்தைக் கேட்டதும் அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"எதுக்கு வீண் அலைச்சல்? கையுறைய மாட்டிக்கிட்டு இருங்க. போதும்."

"வேண்டாம்னு சொல்லுதியளா, ஆபத்துன்னு சொல்லுதியளா, டாக்டர்? ரெண்டும் வேற வேற."

அவர் நிமிர்ந்து பார்த்தார். விஜிலா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஆபத்துன்னா சொல்லுங்க, எந்திரிச்சுப் போயிருதேன். வீண் அலைச்சல்தான்னா, அலையப் போறது நான்."

அவர் அவள் கையை அமுக்கிப் பார்த்தார். பிறகு அவளிடமே போன் நம்பரை வாங்கி ஜெபிஷாவுடன் பேசினார். ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நோய் எங்கும் திரும்பவில்லை என்று தெரிந்த பிறகு, வைத்துப் பார்க்கலாம், தோலில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். வாசல்வரை போனவளிடம், "எப்படி இருக்குன்னு எங்கிட்டயும் வந்து காட்டுங்க" என்றார்.

சிகிச்சை தொடங்கிய அன்று விஜிலாவுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. அவ்வளவு அலைந்ததற்கு ஏதோ பெரிதாக நடக்கும் என்று நினைத்திருந்தாள். இரண்டு பேரும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். ஜெபிஷா பேனா பருமனில் இருந்த ஒரு முனையை அக்குளில் ஓர் இடத்தில் வைத்து அழுத்தினாள். கொஞ்சம் கழித்து அடுத்த இடம். சூடு இல்லை, வலி இல்லை, பெரிய வெளிச்சம்கூட இல்லை.

"வச்சாச்சா?"

"வச்சிட்டுத்தான் இருக்கேன் அக்கா."

"மிஷின்ல பிளக்க மாட்டுனியா பாரு."

ஜெபிஷா சிரித்ததில் முனை நழுவியது.

வாரத்தில் மூன்று நாள் அங்கே போனாள். மற்ற நாட்களில் உருவுதல், உடற்பயிற்சி, கையுறை எதையும் விடவில்லை. பெஞ்சில் காத்திருக்கிற நேரத்தில் இசக்கித்தாய் என்ற உப்பளத்துக்காரி அறிமுகமானாள். முதுகுவலிக்கு வருவதாகச் சொன்னவள், இடது கையைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்தே வைத்திருந்தாள். விஜிலா ஒன்றும் கேட்காமல் தன் கையுறையைக் கழற்றி, வீங்கிய கையை அவள் மடிமேல் வைத்தாள். இசக்கித்தாய் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகத் தலைப்பை விலக்கினாள். அதே வீக்கம், மார்பை எடுத்த பிறகு வந்தது. வேலைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்பதால் வீட்டில்கூட முழுதாகக் காட்டவில்லை என்றாள். அன்று விஜிலா தன் முறையை விட்டுக்கொடுத்து அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். "முதுகு கெடக்கட்டும், இவ கையப் பாரு" என்று ஜெபிஷாவிடம் விட்டாள்.

வாரங்கள் போயின. கையில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. இசபெல்லா விஷயம் தெரிந்து வீட்டுக்கு வந்தாள்.

"ஏற்கெனவே கரண்டு வச்சாவ. இப்ப டார்ச் லைட் அடிக்காவளாக்கும். லைட் அடிச்சா வீக்கம் வடிஞ்சிருமா?"

"வடியலன்னா வடியலன்னு தெரிஞ்சுபோகும் மைனி. தெரிஞ்சுக்கிடாம இருக்கச் சொல்லுதியளா?"

அக்குளில் இருந்த இறுக்கம் விட்டுக்கொடுக்கத் தொடங்கியதை முதலில் உணர்ந்தது ஜெபிஷாவின் விரல்தான். விஜிலாவுக்கு அது வேறு விதமாகத் தெரிந்தது. ஒரு காலையில் அடுக்களையின் மேல் தட்டிலிருந்து டப்பாவை எடுத்து இறக்கிய பிறகுதான், வலது கையால் எடுத்தோம் என்று உறைத்தது. டப்பாவை மறுபடி மேலே வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. அடுத்த வாரமே, சீலா மீனை அறுக்கும்போது துடுப்பு முள் ஒன்று வலது கை விரலில் ஏறியது. முன்பெல்லாம் உறிஞ்சித் துப்பிவிட்டு வேலையைப் பார்க்கிற சங்கதி. இப்போது மறுநாளே கை முழுக்கச் சிவந்து, நெருப்பாகக் கொதித்து, குளிர் காய்ச்சல் உலுக்கியது. நீர் தேங்கிய கையில் கிருமி புகுந்தால் காட்டுத்தீதான். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். வடிந்திருந்த கொஞ்சமும் திரும்ப ஏறி, கை முன்னைவிடப் பருத்தது.

பார்க்க வந்த ஜெபிஷாவின் முகமே செத்துப் போயிருந்தது.

"நான் ஆரம்பிச்சிருக்கப்பிடாதோ அக்கா."

"ஏளா, குத்துனது மீன் முள்ளு. ஒன் லைட்டு என்ன செய்யும்?" விஜிலாவுக்குப் பேசவே மூச்சு வாங்கியது. "காய்ச்சல் எறங்கட்டும். வாரேன். மிஷின வேற யாருக்கும் தூக்கிக் குடுத்துராத."

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த இசபெல்லா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லிக்காட்டுவாள் என்றுதான் விஜிலா நினைத்தாள். ஆனால் அவள், "இனிமே மீன் நான் அறுத்துத் தாரேன். நீ லைட்ட அடி" என்று மட்டும் சொன்னாள். சொன்னபடியே, அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் சுத்தம் செய்த மீன் சட்டியோடு வந்து நின்றாள்.

காய்ச்சல் தணிந்து, சிவப்பு முழுக்கப் போய், டாக்டர் சரி என்ற பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்தத் தடவை மாற்றம் முன்பைவிட மெதுவாகத்தான் வந்தது. ஆனாலும் வந்தது. முழங்கை மடிப்பு மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது. விரல்கள் உள்ளங்கையைத் தொட்டன. கை பழைய கை ஆகவில்லை. இடது கையைவிடப் பெரிதாகத்தான் இருந்தது. கையுறையையும் விட முடியாது என்று ஜெபிஷா சொல்லிவிட்டாள். இசக்கித்தாய்க்கு இவளைவிடக் குறைவாகத்தான் பலன்; ஆனாலும் இரவில் கை வலிக்காமல் தூங்குவதாகச் சொன்னாள்.

விஜிலா நேரே ஞானதீபம் அண்ணாச்சியிடம் போய் நின்றாள்.

"வண்டிய எடுங்க அண்ணாச்சி. நீங்கதான் ஓட்டணும். நான் எடது பக்கம் உக்காருதேன்."

"எதுக்கு?"

"நீங்க ஸ்டீயரிங்க ஒடிக்கணும். நான் பிடிக்கேனா இல்லியான்னு பாருங்க. பிடிக்கலன்னா சாகும்வரைக்கும் உங்க போனத்தான் எடுப்பேன்."

அண்ணாச்சி மறுத்துப் பார்த்தார், நாளைக்குப் பார்க்கலாம் என்றும் சொல்லிப் பார்த்தார். கடைசியில் முத்தையாபுரம் தாண்டி, உப்பளங்களுக்கு நடுவே ஆள் நடமாட்டமில்லாத ஒரு சாலைக்குக் காரைக் கொண்டுபோனார். கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டு வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் போனதும் ஸ்டீயரிங்கை இடது பக்கம் பட்டும் படாமலும் திருப்பினார்.

"இது தொட்டில் ஆட்டுத மாதிரி இருக்கு. நெசமா ஒடிங்க."

இன்னும் கொஞ்சம் ஒடித்தார். விஜிலா பிடித்தாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கி அந்தப் பிள்ள எப்படி ஒடிச்சா தெரியுமா? லாரியப் பாத்து உயிர் பயத்துல ஒடிச்சா. அப்படி ஒடிங்க. என் மேல எரக்கப்பட்டு ஒடிக்காதிய."

அண்ணாச்சிக்கு வாழ்க்கையில் அரிதாக வருகிற கோபம் அப்போது வந்திருக்க வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் ஸ்டீயரிங்கை ஒரே இழுப்பாக இழுத்தார். கார் உப்புப் பாத்தியை நோக்கித் திரும்பியது. அது முழுதாகத் திரும்பும் முன்பே கையுறை போட்ட கை பாய்ந்து வந்து ஸ்டீயரிங்கை வளைத்துப் பிடித்தது, நேராக்கியது, விடவில்லை. பிரேக்கை அவள் தொடவே இல்லை. அண்ணாச்சி இழுத்துப் பார்த்தார். கை அசையவில்லை.

"இன்னொருக்க ஒடிக்கியளா?" என்றாள் விஜிலா.

"வேண்டாம்மா." அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நெற்றியைத் துடைத்தார். "எனக்கு நெஞ்சு அடிக்கி. நாளைக்கி வந்து வண்டிய எடு." சற்றுப் பொறுத்து, "அந்தக் கையுறை மேல ஒரு துண்டப் போட்டுக்கிடுதியா? வாரவுக கேப்பாவ" என்றார்.

"கேக்கட்டும் அண்ணாச்சி."

அன்று சாயங்காலம் கிளைட்டனுக்குப் போன் போட்டபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. கையை மட்டும் காமிராவுக்கு முன்னால் நீட்டி, விரல்களை மடக்கி மடக்கிக் காட்டினாள். கப்பலின் மேல்தளத்தில் நின்றிருந்தவன் பக்கத்தில் இருந்தவனைக் கூப்பிட்டுக் காட்டினான்.

மறுநாள் காலையில் ஒரு புதுப் பெண் பழக வந்திருந்தாள். இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பீச் ரோட்டில் ஊர்ந்தாள். ரோட்டைப் பார்க்க வேண்டிய கண், பக்கத்தில் பாதி தூக்கியபடி இருந்த கையுறைக்கே போய்ப் போய் வந்தது.

"டீச்சர், கையில என்ன?"

"மாருல கேன்சர் வந்துச்சு, எடுத்தாச்சு. அதுக்குப் பொறவு கை வீங்குச்சு. லைட் வச்சு வடிய வச்சிருக்கேன், முழுசா வடியல. இன்னும் வச்சிட்டிருக்கேன்" என்றாள் விஜிலா. "கேட்டாச்சுல்ல, இப்ப இண்டிகேட்டரப் போடு. பின்னால லாரிக்காரன் வாரான்."